“வீட்டுல வருது மிஸ்!” – லினக்ஸ் தொடக்கக் கோப்புகள் சொல்லித் தந்த பாடம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு அன்று மாதத் தேர்வின் செய்முறை. பைத்தான் நிரல் ஒன்றை எழுதி, அதை ஒரே சொல்லில் கட்டளையாக இயக்கிக் காட்ட வேண்டும் என்பது நான் கொடுத்திருந்த பணி. ஒரு மாணவி வீட்டிலேயே செய்து முடித்து, பென் டிரைவில் கொண்டு வந்திருந்தாள். ஐந்து பாட மதிப்பெண்களை வாங்கிக்கொண்டு கூட்டுத்தொகையும் சராசரியும் சொல்லும் நிரல் அது. அதற்கு அவள் வைத்த பெயர் ‘மார்க்’.

ஆய்வகக் கணினியில் கோப்புகளைப் படியெடுத்தாள். இயக்கும் அனுமதி கொடுத்தாள். தன் குறிப்பேட்டைப் பார்த்து அமைப்பு வரியைத் தட்டச்சு செய்தாள். கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளே வந்தாள். முனையத்தைத் திறந்து ‘மார்க்’ என்று தட்டினாள். ‘கட்டளை காணப்படவில்லை’ என்று பதில் வந்தது.

“வீட்டுல நல்லா வருது மிஸ்” என்றாள்.

இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆசிரியர் நம்மில் யார்? வீட்டுப்பாட நோட்டு வீட்டில் இருக்கிறது. செய்யுள் வீட்டில் ஒப்பித்தபோது வந்தது. கணக்கு வீட்டில் சரியாக வந்தது. நானும் வழக்கம்போலவே பதில் சொன்னேன். “இங்க வந்தாதான் மார்க். சும்மா கதை சொல்லாதே.” அந்தப் பணிக்கு உரிய இடத்தில் பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் இடைவேளையில் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். “மிஸ், கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 அழுத்தினா வர்ற கருப்புத் திரையில உள்ள போனா ‘மார்க்’ வருது. ஜன்னல் திரையிலதான் வரலை. ஆனா கருப்புத் திரையில ‘எல்எல்’ வர மாட்டேங்குது” என்றாள். செய்து காட்டச் சொன்னேன். அவள் சொன்னது அப்படியே நடந்தது. ஒரே கணினி, ஒரே பயனர், ஒரே கோப்புகள். ஆனால் ஒரு வாசல் வழியாகப் போனால் ஒரு கட்டளை இருக்கிறது, இன்னொரு வாசல் வழியாகப் போனால் அது இல்லாமல் வேறொன்று இருக்கிறது.

அவள் பொய் சொல்லவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஏன் அப்படி நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன். லினக்ஸ் உள்ள ஆய்வகத்தைக் கையாளும் எந்த ஆசிரியருக்கும் இது ஒருநாள் தேவைப்படும்.

ஷெல்லும் ‘பாத்’ மாறியும்

முனையத்தில் நாம் தட்டச்சு செய்வதை வாங்கி, பொருள் புரிந்துகொண்டு, உரிய நிரலை இயக்கும் இடைநிலை நிரலே ஷெல். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் ‘பாஷ்’ என்னும் ஷெல் இருக்கிறது. கனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி, 1989-இல் வெளிவந்தது. (நம் மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் வந்த ‘பாஸ்’ லினக்ஸ் வேறு, அது இயக்க அமைப்பு. இது ஷெல். பெயர் ஒலியால் குழம்ப வேண்டாம்.)

‘மார்க்’ என்று தட்டினால், அந்தப் பெயரில் உள்ள நிரலை ஷெல் கணினி முழுவதும் தேடாது. ‘பாத்’ என்னும் மாறியில் எழுதப்பட்டுள்ள கோப்புறைகளில் மட்டும் வரிசையாகத் தேடும். அங்கே இல்லாவிட்டால் ‘காணப்படவில்லை’ என்று சொல்லிவிடும். எனவே நம் சொந்தக் கோப்புறையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாணவியின் குறிப்பேட்டில் இருந்த வரி இதைத்தான் செய்தது.

முனையத்தை மூடினால் அந்த மாற்றம் போய்விடும். நிலையாக இருக்க வேண்டுமென்றால், ஷெல் தொடங்கும்போதே படிக்கிற கோப்பு ஒன்றில் அந்த வரியை எழுதி வைக்க வேண்டும். அப்படிப்பட்டவையே தொடக்கக் கோப்புகள். சிக்கல் என்னவென்றால், அவை பல இருக்கின்றன. எல்லாம் எப்போதும் படிக்கப்படுவதில்லை.

இனி வரும் கோப்புப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி இருந்தால் அது மறைகோப்பு. ‘எல்எஸ் -ஏ’ கொடுத்தால்தான் பட்டியலில் தெரியும்.

காலை வழிபாடும் ஒவ்வொரு பாடவேளையும்

ஷெல் மூன்று விதமாகத் தொடங்கலாம். நம் பள்ளி நடைமுறையை வைத்தே இதைச் சொல்லலாம்.

ஒன்று, நுழைவு ஷெல். கருப்புத் திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும்போதும், வலையமைப்பு வழியாக எஸ்எஸ்ஹெச் மூலம் இன்னொரு கணினியில் நுழையும்போதும் தொடங்குவது இது. இது காலை வழிபாட்டுக் கூட்டம் போன்றது. நாளுக்கு ஒரு முறை; அன்றைக்கான பொது அறிவிப்புகள் அங்கே வாசிக்கப்படும்.

இரண்டு, நுழைவு அல்லாத ஊடாடும் ஷெல். ஏற்கெனவே ஜன்னல் திரைக்குள் நுழைந்தபின், முனையச் சின்னத்தைச் சொடுக்கித் திறப்பது. பெரும்பாலான லினக்ஸ் முனையங்கள் இந்த வகையிலேயே திறக்கும். இது ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கம். வழிபாட்டு அறிவிப்பை மறுபடி யாரும் வாசிப்பதில்லை. வகுப்புக்கான சிறு குறிப்பு மட்டும்.

மூன்று, ஊடாடாத ஷெல். எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்றை இயக்குவதற்காக மட்டும் தொடங்கி, வேலை முடிந்ததும் போய்விடுவது. அலுவலகத்துக்கு ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி மாணவரை அனுப்புவது போல. அவருக்கு எந்த அறிவிப்பும் வாசிக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றுக்கும் பாஷ் வைத்திருக்கும் விதி இதுதான்.

நுழைவு ஷெல் என்றால், முதலில் எல்லாப் பயனர்க்கும் பொதுவான ‘/எட்சி/புரொஃபைல்’ படிக்கப்படும். அடுத்து, பயனரின் முகப்புக் கோப்புறையில் ‘.பாஷ்_புரொஃபைல்’, ‘.பாஷ்_லாகின்’, ‘.புரொஃபைல்’ என்ற மூன்றையும் இதே வரிசையில் தேடும். முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் படிக்கும். மற்ற இரண்டையும் தொடாது. இந்த ‘ஒன்றை மட்டும்’ என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாணவியின் சிக்கலில் பாதி இதற்குள் இருக்கிறது.

நுழைவு அல்லாத ஊடாடும் ஷெல் என்றால், ‘.பாஷ்ஆர்சி’ படிக்கப்படும். மேலே சொன்ன மூன்றும் படிக்கப்படா.

ஊடாடாத ஷெல் என்றால், பொதுவாக எதுவும் படிக்கப்படாது. ‘பாஷ்_என்வி’ என்ற மாறியில் ஏதாவது கோப்பின் பெயர் இருந்தால் மட்டும் அது படிக்கப்படும்.

‘மேன் பாஷ்’ என்று தட்டினால் வரும் கையேட்டில், ‘இன்வோகேஷன்’ என்ற பகுதியில் இவ்வளவும் இருக்கிறது. இந்த மூல விதிகள் எல்லா லினக்ஸுக்கும் ஒன்றே. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஒரே பாடநூல், வேறு வேறு பாடத்திட்டக் குறிப்புகள்

லினக்ஸ் என்பது ஒரே பொருளாக வருவதில்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச் எனப் பல வழங்கல்களாக வருகிறது. ஒவ்வொரு வழங்கலும் பாஷை எடுத்துத் தன் வசதிக்கேற்பத் தொகுக்கிறது. புதிய பயனர் கணக்கு உருவாகும்போது சில தொடக்கக் கோப்புகளை ‘/எட்சி/ஸ்கெல்’ என்ற கோப்புறையிலிருந்து முகப்புக் கோப்புறைக்குப் படியெடுத்துக் கொடுக்கிறது. பாடநூல் ஒன்றாக இருந்தாலும் ஆசிரியருக்கு ஆசிரியர் பாடக்குறிப்பு மாறுவதில்லையா, அதுபோல.

டெபியனிலும் உபுண்டுவிலும் புதிய பயனருக்குக் கிடைப்பவை ‘.புரொஃபைல்’, ‘.பாஷ்ஆர்சி’, ‘.பாஷ்_லாகவுட்’. ‘.பாஷ்_புரொஃபைல்’ கிடையாது. இங்கே ‘.புரொஃபைல்’ கோப்புக்குள்ளேயே ‘.பாஷ்ஆர்சி’யையும் படி என்று ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் நுழைவு ஷெல்லிலும் நமக்கு வண்ணங்களும் குறுக்குப் பெயர்களும் கிடைக்கின்றன. இவ்விரு வழங்கல்களிலும் இன்னொரு ஏற்பாடு உண்டு. ஊடாடும் ஷெல் தொடங்கும்போது, பயனரின் ‘.பாஷ்ஆர்சி’க்கு முன்பாக ‘/எட்சி/பாஷ்.பாஷ்ஆர்சி’ என்ற பொதுக் கோப்பையும் படிக்கும்படி பாஷையே அமைத்துத் தொகுத்திருக்கிறார்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஃபெடோராவிலும் ரெட் ஹேட் குடும்பத்திலும் புதிய பயனருக்கு ‘.பாஷ்_புரொஃபைல்’, ‘.பாஷ்ஆர்சி’, ‘.பாஷ்_லாகவுட்’ கிடைக்கின்றன. ‘.புரொஃபைல்’ கிடையாது. ‘.பாஷ்_புரொஃபைல்’ தன்னுள் ‘.பாஷ்ஆர்சி’யை அழைக்கிறது, ‘.பாஷ்ஆர்சி’ தன்னுள் ‘/எட்சி/பாஷ்ஆர்சி’ என்ற பொதுக் கோப்பை அழைக்கிறது. பெயரைக் கவனியுங்கள்: டெபியனில் ‘பாஷ்.பாஷ்ஆர்சி’, இங்கே வெறும் ‘பாஷ்ஆர்சி’. பெயர் மட்டுமல்ல, வழியும் வேறு. டெபியனில் பொதுக் கோப்பைப் பாஷ் தானாகப் படிக்கிறது. ஃபெடோராவின் முனைய ஜன்னலிலோ பயனரின் கோப்பு அழைத்தால்தான் அது படிக்கப்படும். ஃபெடோரா மாணவர் ஒருவர் தன் ‘.பாஷ்ஆர்சி’யை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால், அந்த ஜன்னலில் பொது அமைப்புகளும் சேர்ந்து காணாமல் போகும்.

ஓப்பன்சூசேவில் ‘/எட்சி/பாஷ்.பாஷ்ஆர்சி’ உண்டு. ஆனால் பொதுக் கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள், இயக்க அமைப்பைப் புதுப்பிக்கும்போது போய்விடும் என்பது அங்கே அறிவுரை. அதற்குப் பதிலாக ‘/எட்சி/புரொஃபைல்.லோக்கல்’, ‘/எட்சி/பாஷ்.பாஷ்ஆர்சி.லோக்கல்’ என்ற கோப்புகளில் எழுத வேண்டும். ஆர்ச் லினக்ஸில் பொதுக் கோப்பு டெபியனைப் போல, பயனர் கோப்பு ஃபெடோராவைப் போல ‘.பாஷ்_புரொஃபைல்’. ஆல்பைன் லினக்ஸில் பாஷ் முதலில் இருப்பதே இல்லை. பிஸிபாக்ஸின் ‘ஆஷ்’ என்ற சிறிய ஷெல் ‘/எட்சி/புரொஃபைல்’, ‘.புரொஃபைல்’ இரண்டையும் படிக்கும்; ‘.பாஷ்ஆர்சி’ என்ற பெயரே அதற்குத் தெரியாது. காலி லினக்ஸ் 2020.4 பதிப்பிலிருந்து ‘ஜீஷெல்’லை இயல்பு ஷெல்லாக வைத்திருக்கிறது, அங்கே எழுத வேண்டிய கோப்பு ‘.ஜீஷெல்ஆர்சி’.

இணையக் குறிப்புகள் பலவும் ‘.பாஷ்_புரொஃபைல் கோப்பில் எழுதுங்கள்’ என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேக் கணினியின் முனையம், ஒவ்வொரு ஜன்னலையும் நுழைவு ஷெல்லாகவே திறக்கும். மேக்கில் 2019 வரை இயல்பு ஷெல் பாஷ்தான். அங்கே அந்த அறிவுரை சரி. அதை அப்படியே எடுத்து உபுண்டுவில் செய்தால் தவறிவிடும்.

இவ்வளவு கோப்புகள் ஏன் என்று கேட்கத் தோன்றும். ஸ்டீஃபன் போர்ன் எழுதிய பழைய யூனிக்ஸ் ஷெல் 1979-இல் வந்தது. அன்று ஒரு முனையத்தில் ஒருவர் நுழைவார், வேலை செய்வார், வெளியேறுவார். அதற்கு ‘.புரொஃபைல்’ ஒன்று போதுமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல், நுழையும்போது ஒரு கோப்பு, ஒவ்வொரு ஷெல்லுக்கும் ஒரு கோப்பு என்று பிரித்தது. பின்னால் வந்த பாஷ் பழையதையும் விடவில்லை, புதியதையும் சேர்த்துக்கொண்டது. ஜன்னல் திரைகள் வந்து, ஒரு முறை நுழைந்து பத்து முனையம் திறக்கும் காலம் வந்தபோது, எதை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு வழங்கலும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டது.

மாணவிக்கு நடந்தது என்ன?

அவள் வீட்டில் இருந்தது அண்ணன் கொடுத்த பழைய மடிக்கணினி, அதில் ஃபெடோரா. எங்கள் ஆய்வகத்தில் உபுண்டு 18.04.

வீட்டில் ‘.பாஷ்_புரொஃபைல்’ ஏற்கெனவே இருந்தது. அதன் கடைசியில் ‘பாத்’ வரியைச் சேர்த்திருந்தாள். ஃபெடோராவின் ஜன்னல் திரைக்குள் நுழையும்போது, அந்த அமர்வே ஒரு நுழைவு ஷெல் வழியாகத் தொடங்குகிறது. அதனால் ‘.பாஷ்_புரொஃபைல்’ படிக்கப்பட்டு, மாற்றிய ‘பாத்’ அமர்வு முழுமைக்கும் கிடைத்தது. அதற்குள் திறக்கும் முனையங்கள் எல்லாம் அதைத் தாயிடமிருந்து பெறுவது போலப் பெற்றுக்கொண்டன. ‘மார்க்’ வேலை செய்தது. அவள் சொன்னது முழு உண்மை.

பள்ளியில் அதே குறிப்பைப் பின்பற்றி ‘.பாஷ்_புரொஃபைல்’ கோப்பின் கடைசியில் அந்த வரியைச் சேர்க்கும் கட்டளையைத் தட்டினாள். உபுண்டுவில் அந்தக் கோப்பே இல்லை. இல்லாத கோப்பில் சேர்க்கச் சொன்னால் ஷெல் மறுப்பதில்லை, புதிதாக உருவாக்கிவிடும். ஆக, ஒரே ஒரு வரி கொண்ட புதிய ‘.பாஷ்_புரொஃபைல்’ பிறந்தது.

அந்த உபுண்டு பதிப்பின் இயல்பான ஜன்னல் திரை நுழைவு, ‘/எட்சி/புரொஃபைல்’, ‘.புரொஃபைல்’ இரண்டையும் படிக்கும்; ‘.பாஷ்_புரொஃபைல்’ பக்கம் போகாது. முனைய ஜன்னலோ ‘.பாஷ்ஆர்சி’யை மட்டும் படிக்கும். எனவே அவள் எழுதிய வரியை யாரும் படிக்கவில்லை. ‘மார்க்’ காணவில்லை.

கருப்புத் திரை நுழைவு ஷெல். அது மூன்றில் முதலாவதாக ‘.பாஷ்_புரொஃபைல்’ கோப்பைக் கண்டது, படித்தது, ‘மார்க்’ கிடைத்தது. ஆனால் முதலாவது கிடைத்துவிட்டதால் ‘.புரொஃபைல்’ கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டதால் அதற்குள்ளிருந்து அழைக்கப்படும் ‘.பாஷ்ஆர்சி’யும் படிக்கப்படவில்லை. ‘எல்எல்’ என்ற குறுக்குப் பெயர் இருப்பது அந்தக் கோப்பில்தான். அதனால் ‘எல்எல்’ காணவில்லை.

அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களும் இரண்டு துல்லியமான கண்டறிதல்கள். முதல் நாளே காதுகொடுத்துக் கேட்டிருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும்.

இன்னும் இரண்டு இடறல்கள்

‘.புரொஃபைல்’ கோப்பை எப்போதும் பாஷ் படிக்கும் என்று நினைக்கக் கூடாது. உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பிலும், டெபியன் 2011-இல் 6 ஆம் பதிப்பிலும், ‘/பின்/எஸ்ஹெச்’ என்ற பொது ஷெல்லை ‘டாஷ்’ என்ற சிறிய, வேகமான ஷெல்லாக மாற்றின. ஃபெடோராவில் அது இன்றும் பாஷ்தான். மேலே சொன்ன உபுண்டுவின் ஜன்னல் திரை நுழைவு, ‘.புரொஃபைல்’ கோப்பை டாஷ் வழியாகவே படிக்கிறது. பாஷுக்கு மட்டும் புரியும் இரட்டைச் சதுர அடைப்புச் சோதனை, அணிவரிசை, ‘சோர்ஸ்’ என்ற சொல் ஆகியவற்றை அங்கே எழுதினால் பிழை வரும். தொடரியல் பிழை என்றால், கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் உள்ளே போகாமல் மீண்டும் மீண்டும் நுழைவுத் திரைக்கே திரும்பலாம். அந்தக் கோப்பில் ‘சோர்ஸ்’ என்பதற்குப் பதில் ஒற்றைப் புள்ளியை எழுதுவது எல்லா ஷெல்லுக்கும் புரியும். மாணவர் எழுதிய ஸ்கிரிப்ட் ஃபெடோராவில் ஓடி உபுண்டுவில் நின்றால், அதன் முதல் வரியில் எஸ்ஹெச் என்று இருக்கிறதா, பாஷ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கு. டெபியன் 10 (2019) முதல், வெறும் ‘எஸ்யு’ கொடுத்து நிர்வாகியாக மாறினால், பழைய பயனரின் ‘பாத்’ அப்படியே தொடரும். ‘ஆட்யூசர்’ போன்ற நிர்வாகக் கட்டளைகள் காணப்படவில்லை என்று வரும். கணினி பழுதாகவில்லை. ‘எஸ்யு’வுக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு கோடு சேர்த்து ‘எஸ்யு -’ என்று கொடுத்தால், நுழைவு ஷெல்லாகத் தொடங்கி நிர்வாகிக்குரிய ‘பாத்’ கிடைக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க

இதை விரிவுரையாகச் சொன்னால் மாணவர்கள் மறந்துவிடுவார்கள். நான் இப்போது ஒரு பாடவேளையில் இப்படிச் செய்கிறேன். உபுண்டு ஆய்வகம் என்று வைத்துக்கொள்வோம்.

1. ‘.புரொஃபைல்’, ‘.பாஷ்ஆர்சி’ இரண்டையும் முதலில் படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் ‘எக்கோ’ கட்டளையால் அந்தக் கோப்பின் பெயரை அச்சிடச் செய்யுங்கள்.

2. புதிய முனைய ஜன்னலைத் திறக்கட்டும். ‘பாஷ்ஆர்சி’ மட்டும் அச்சாகும்.

3. அதே ஜன்னலில் ‘பாஷ் -எல்’ என்று கொடுத்து நுழைவு ஷெல்லைத் தொடங்கட்டும். இரண்டு பெயர்களும் அச்சாகும். ஆனால் ‘பாஷ்ஆர்சி’ முதலிலும் ‘புரொஃபைல்’ பிறகும் வரும். ஏன் இந்த வரிசை என்று கேளுங்கள். ‘.புரொஃபைல்’ தன் நடுவிலேயே மற்றதை அழைக்கிறது, நம் வரி கடைசியில் இருக்கிறது என்பதை அவர்களே கோப்பைத் திறந்து கண்டுபிடிப்பார்கள்.

4. இப்போது ஒரே ஒரு ‘எக்கோ’ வரியுடன் ‘.பாஷ்_புரொஃபைல்’ உருவாக்கி, மீண்டும் ‘பாஷ் -எல்’. புதிய கோப்பின் பெயர் மட்டும் வரும். மற்ற இரண்டும் மௌனம். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு ‘ஓ’ கேட்கும்.

5. ‘எக்கோ $0’ கொடுத்துப் பார்க்கட்டும். பதிலின் முன்னால் சிறு கோடு இருந்தால் அது நுழைவு ஷெல். கருப்புத் திரையில் நுழைந்து பார்த்தால் கோடு தெரியும். முனைய ஜன்னலில் தெரியாது. (‘பாஷ் -எல்’ என்று நாமே தொடங்கியதும் நுழைவு ஷெல்தான், ஆனால் அதில் இந்தக் கோடு வராது.)

6. முடிந்ததும் ‘.பாஷ்_புரொஃபைல்’ கோப்பை நீக்கி, படியெடுத்து வைத்தவற்றைத் திரும்ப வைக்க வேண்டும். ‘.பாஷ்ஆர்சி’யில் அச்சிடும் வரியை விட்டுவைப்பது நல்லதல்ல. ஃபெடோரா போன்றவற்றில் அது வலையமைப்பு வழியாகக் கோப்பு அனுப்பும் ‘எஸ்சிபி’ போன்ற கட்டளைகளைக் குழப்பிவிடும்.

எதை எங்கே எழுதுவது?

‘பாத்’ போல ஒரு முறை அமைத்தால் எல்லாவற்றுக்கும் பரவ வேண்டிய மாறிகளை நுழைவுக் கோப்பில் எழுதுங்கள். டெபியன் குடும்பத்தில் அது ‘.புரொஃபைல்’, ஃபெடோரா குடும்பத்தில் ‘.பாஷ்_புரொஃபைல்’. எழுதியபின் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

குறுக்குப் பெயர்கள், தூண்டுகுறியின் தோற்றம், வண்ணங்கள் போன்றவை ‘.பாஷ்ஆர்சி’யில் இருக்கட்டும். புதிய முனையம் திறந்தால் போதும்.

ஒரு கணினியில் ‘.பாஷ்_புரொஃபைல்’ இல்லையென்றால் புதிதாக உருவாக்காதீர்கள். உருவாக்கியே ஆக வேண்டுமென்றால், அதன் முதல் வேலை ‘.புரொஃபைல்’ கோப்பை அழைப்பதாக இருக்கட்டும்.

‘பாத்’ மாறியில் புதிய கோப்புறையைச் சேர்க்கும்போது பழைய மதிப்பையும் கூடவே எழுத வேண்டும். அதை மறந்தால் ‘எல்எஸ்’ கூடக் காணாமல் போகும். பதற வேண்டாம். ‘/பின்/எல்எஸ்’ என்று முழுப் பாதையுடன் தட்டினால் வேலை செய்யும். அதே முறையில் திருத்தியையும் திறந்து வரியைச் சரிசெய்யலாம். ஜன்னல் திரைக்குள் நுழையவே முடியாவிட்டால் கருப்புத் திரை வழியாகப் போய், பிழையான கோப்பின் பெயரை மாற்றி வைத்தால் போதும்.

எல்லா மாணவர்க்கும் பொதுவான அமைப்பு வேண்டுமென்றால், ‘/எட்சி/புரொஃபைல்.டி’ கோப்புறையில் ‘.எஸ்ஹெச்’ என்று முடியும் சிறு கோப்பாக வையுங்கள். டெபியன், ஃபெடோரா இரு குடும்பத்திலும் அது படிக்கப்படும். இயக்க அமைப்பைப் புதுப்பித்தாலும் அழியாது.

மதிப்பெண் ஏட்டில் ஒரு திருத்தம்

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதை விளக்கினேன். கரும்பலகையில் இரண்டு கணினிகளை வரைந்து, எந்தக் கோப்பு எதை அழைக்கிறது என்று அம்புக்குறி போட்டேன். பாதி அம்புகளை அவளே வந்து போட்டாள். பூஜ்யத்தை அடித்து முழு மதிப்பெண் எழுதி, அருகில் கையொப்பமிட்டேன். “நேத்து நான் சொன்னது தப்பு” என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. சிரித்த பிள்ளைகள் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

இப்போது “வீட்டுல வருது மிஸ்” என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கிறேன். வீட்டில் எந்த லினக்ஸ்? எந்தக் கோப்பில் எழுதினாய்? எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாய்? பதில் சொல்ல முடியாத பிள்ளை உண்மையிலேயே செய்யாமல் வந்திருக்கலாம். பதில் சொல்கிற பிள்ளையோடு சேர்ந்து தேட வேண்டியது என் வேலை.

கணினி ஆசிரியர் அல்லாதவர்களுக்கும் இதில் ஒன்று உண்டு. வீட்டில் அம்மாவிடம் தடங்கலின்றி வாசிக்கிற குழந்தை வகுப்பில் வாய் திறக்காமல் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போதும் ‘வீட்டில் வருகிறது’ என்ற சொல்லை நம்பி, எந்த வாசல் வழியாக வந்தபோது வந்தது, எந்த வாசலில் நின்றுபோனது என்று கேட்டுப் பார்க்கலாம்.